ஒதுக்கிவைத்த சோறு

நாங்கள் சேர்ந்து வெளியே சாப்பிடப் போனது அதுதான் முதல் தடவை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சுஷி கடை. அவள் சால்மன் துண்டை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கிவைத்தாள்.

“சோறு வேணாமா?”

“டயட்.”

பார்க்கப்போனால் சுஷியின் பூர்வீகம் அவள் பக்கம்தான். பழைய நரெசுஷியில் உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் மாதக்கணக்கில் புதைத்துப் புளிக்கவைப்பார்கள். பிறகு சோற்றை வழித்தெறிந்துவிட்டு மீனைத் தின்பார்கள். வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து மீனை மேலே வைக்கும் நிகிரி, 19ஆம் நூற்றாண்டு எடோ நகரத்துத் தெருக்கடைச் சாப்பாடு. பச்சை சால்மன் ரொம்பப் பிந்தியது. 1980களில் நார்வேக்காரர்கள் ஜப்பானுக்கு விற்கப் பார்த்த சரக்கு. (முதல் சந்திப்பிலேயே இதையெல்லாம் பேசுகிறவனை யார் மறுபடி பார்ப்பார்கள்?)

“எங்க பாட்டி இருந்திருந்தா அடிச்சிருப்பாங்க,” என்றாள் திடீரென்று.

ஜப்பான்காரன் காலம், 1942 முதல் 1945 வரை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியை நம்பியிருந்த மலாயாவில் மரவள்ளிக்கிழங்கே சோறானது. 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில் பாதை போட, தோட்டத்துத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். போனவர்களில் பாட்டியின் அப்பாவும் ஒருவர். திரும்பவில்லை.

பாட்டி அதற்குப்பின் கிழங்கைத் தொட்டதே இல்லையாம். தட்டில் ஒரு பருக்கை விட்டதும் இல்லை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். ஒதுக்கியிருந்த ஐந்து உருண்டைகளில் மூன்றை அவள் தின்றாள். இரண்டை நான்.