பதனிடும் டிரம்மும் நுண்ணறிவு முகவரும்: அளவுகோலில் பாலாறு

செயற்கை நுண்ணறிவுத் துறையில் 'நுண்ணறிவு முகவர்' என்பது, உணரிகள் வழியாகத் தன் சூழலை அறிந்து, இயக்கிகள் வழியாக அதன்மீது செயல்பட்டு, தனக்கு விதிக்கப்பட்ட அளவுகோலின்படி இயன்றவரை நல்ல விளைவைத் தேடும் அமைப்பைக் குறிக்கும். ஸ்டூவர்ட் ரஸ்ஸலும் பீட்டர் நார்விக்கும் 1995இல் வெளியிட்ட பாடநூல் இக்கருத்தையே துறை முழுவதையும் கோக்கும் சரடாக எடுத்துக்கொண்டது. இதை விளக்கத் தானே ஓடும் காரையும் தரை துடைக்கும் கருவியையும் காட்டுவது வழக்கம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளில் சுழலும் தோல் டிரம் அவற்றினும் தெளிவான எடுத்துக்காட்டு என்பதும், முகவரின் திறமையைவிட அதன் அளவுகோலில் எது இடம்பெற்றது என்பதே முதல் வினா என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குரோம் பதனிடுதலில், உப்பும் அமிலமும் கலந்த 'பிக்கிள்' கரைசலில் ஊறிய தோல், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 3-க்குக் குறைந்த நிலையில் குரோம் உப்பைப் பெறுகிறது. அந்நிலையில் குரோமியம் நார்களோடு எளிதில் பிணையாமல் உள்வரை ஊடுருவுகிறது. பிறகு சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பி.எச். அளவை 4-ஐ ஒட்டி உயர்த்தும்போது தோலின் கொலாஜன் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அவசரப்பட்டுச் சோடாவைக் கொட்டினால் மேற்பரப்பு மட்டும் பதமாகி, நடுப்பகுதி பச்சைத் தோலாகவே நின்றுவிடும்.

பி.எச். மீட்டரைப் பார்த்துச் சோடாவை விடும் தானியங்கிக் கருவி, கண்டதற்கு ஏற்ப உடனே செயல்படும் எளிய எதிர்வினை முகவர் ஆகும். அது அறிவது கரைசலின் நிலையை மட்டுமே. தோலின் நடுவில் குரோம் ஏறியதா என்பது அதற்குத் தெரியாது. அனுபவமுள்ள தொழிலாளி தடித்த பகுதியில் ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுகத்தின் நிறத்தைப் பார்த்து, பின்னர் அதைக் கொதிநீரில் இட்டுச் சுருங்குகிறதா என்று சோதிக்கிறார். கண்ணுக்கு எட்டாத நிலையைத் தோலின் தடிமன், டிரம் சுழன்ற நேரம், வெப்பம் ஆகியவற்றிலிருந்து ஊகித்து உள்ளே ஒரு மாதிரியாக வைத்துக்கொள்ளும் முகவரை 'மாதிரி சார் முகவர்' என்பர். தொழிலாளி செய்வதும் அதையே.

ஆனால் கொதிநீர்ச் சோதனையில் தேறுவது ஒன்றே இலக்கானால், குரோமை மிகுதியாகச் சேர்ப்பதே அதற்கு எளிய வழி. வழக்கமான முறையில் சேர்த்த குரோமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரில் தங்கிவிடுகிறது. இலக்கை மட்டும் அறிந்த முகவருக்கு அது பிழையாகவே தோன்றாது. இத்துறை நூல்களில் 'சூழல்' என்பது முகவருக்கு வெளியே உள்ள அனைத்தையும் குறிக்கும் சொல்லாயினும், வேலூர்ப் பகுதியில் அதற்கு, தோல் ஆலைகளின் கழிவுநீர் சேரும் பாலாறு என்றே பொருள். இந்த மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தும் கோட்பாட்டையும் நாட்டின் சட்டமாக ஏற்றதை, முகவர் கோட்பாட்டின் மொழியில், அளவுகோலுக்குள் ஆற்றைச் சேர்த்த செயலாகக் கொள்ளலாம்.

அதன் பிறகும் அளவுகோலின் சொற்களில் கவனம் தேவை. கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்னும் வரம்பு செறிவை அளக்கிறது, மொத்த எடையை அன்று. செயலின் பலனைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் கற்கும் முகவரிடம் இவ்வரம்பை மட்டும் ஒப்படைத்தால், கூடுதல் நீரை ஊற்றி நீர்க்கச் செய்வதே மலிவான வழி என்று அது கண்டுபிடிக்கக்கூடும். அது முகவரின் வஞ்சகம் அன்று, கொடுத்த கணக்கை நேர்மையாக முடித்தது மட்டுமே. கழிவுநீரை வெளியே விடாத முறையில், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச்சவ்வூடு பரவலாலும் ஆவியாக்கலாலும் நீரைப் பிரிக்க வேண்டியிருப்பதால், கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் செலவாகித் திரும்புகிறது. நீர்க்கச் செய்யும் வழி அடைபடுகிறது. எஞ்சும் உப்புக் குவியலோ இன்னும் எந்தக் கணக்கிலும் சரியாக அடங்கவில்லை.

முகவர் தனக்குத் தரப்பட்ட செயல்களுக்குள்ளேயே தேர்கிறது என்னும் வரம்பும் உண்டு. 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நீரில்லாக் குரோம் முறையில் பிக்கிள் கரைசலும் இல்லை, பின்னர்ச் சோடா சேர்க்கும் கட்டமும் இல்லை; சோடா விடும் நேரத்தை எவ்வளவு நுட்பமாகக் கற்ற முகவராலும் அந்தக் கட்டத்தையே நீக்கும் வழியைத் தன் செயல்பட்டியலில் கண்டிருக்க முடியாது.