கமலை முதல் சப்மெர்சிபிள் வரை - ஒரு 25 அடியின் கதை

போடிநாயக்கனூருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் ராசிங்காபுரம். இந்தப் பக்கம் வெள்ளாமைக்குக் கிணறுதான் உயிர். பழைய கிணறுகளை எட்டிப் பார்த்தால், சிலவற்றில் பாதி ஆழத்தில் ஒரு திட்டு தெரியும். மோட்டார் வைக்க வெட்டிய இடம் அது. கரையில் வைக்காமல் கிணற்றுக்குள் ஏன் வைத்தார்கள்?

அதற்கு முன்னால் இருந்தது கமலை. இரண்டு மாடுகள், ஒரு சால், ஒரு வடம். தண்ணீர் இறங்கினால் வடத்தை நீட்டினால் போதும். ஆனால் நாள் முழுக்க இறைத்தாலும் கொஞ்சம் நிலம்தான் நனையும்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் கோவையில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் மின் மோட்டார் தயாரித்தார்கள். 1958-ல் லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் வந்தது. கமலை மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல்! பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியில் இருக்கும் காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றால் சுமார் 34 அடிக்கு மேல் தள்ள முடியாது. இப்படி ஓர் எல்லை இருப்பதை கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். காரணம் காற்றின் எடைதான் என்று அவருடைய சீடர் டோரிசெல்லி பின்னர் விளக்கினார். நடைமுறையில் 25 அடி வந்தாலே பெரிய விஷயம்.

அந்த 25 அடிக்கும் பாடுபட வேண்டும். அடியில் ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அது கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றி அடைப்பார்கள். 3 அங்குலக் குழாயில் 25 அடிக்குத் தண்ணீர் மட்டுமே சுமார் 35 கிலோ. இரும்பின் எடை தனி. குறுக்கே கட்டை போட்டுக் குழாயைத் தாங்கவில்லை என்றால் பாரம் முழுவதும் பம்பில் விழும். ஜாயின்ட் விரிசல் விட்டு 'ஏர்' பிடித்துக்கொள்ளும். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது!

தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் திட்டு திட்டாக இறங்கியது. அடைமழையில் கிணறு நிரம்பினால் மோட்டாரும் முழுகி காயில் போய்விடும்.

ஆனால் பம்பு நன்றாகத் தள்ளும். மேலே ஏலக்காய்த் தோட்டங்களில் ஓடைப் பக்கத்தில் பம்பை வைத்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவது இதனால்தான். சப்மெர்சிபிள் செய்வதும் அதே வேலைதான். தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து மேலே தள்ளுகிறது. 25 அடி எல்லை அதோடு முடிந்தது.

இன்னொரு எல்லை மின் கட்டணம். 1970-ல் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் ஆழத்துக்கும் தடை இல்லை, செலவுக்கும் தடை இல்லை என்றானது. 2003-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது.

அந்தக் காலத்தில் பம்பு 'ஏர்' பிடித்தால் மட்டம் இறங்கியதோ என்று விவசாயி உடனே கிணற்றை எட்டிப் பார்ப்பார். 25 அடி ஒரு தொல்லைதான். ஆனால் அது ஓர் எச்சரிக்கை மணியாகவும் இருந்தது. பல நூறு அடி ஆழத்துப் போர்வெல்லை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அது வறண்டு போனபிறகுதான் சேதி வரும்.