தலைச்சன் பங்கு: ஓர் இரங்கல்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலம் அதிகாரத்தோடு வாழ்ந்த தலைச்சன் பங்கு காலமாகிவிட்டது. உயிர் போனது 1968-ல். பாடை எடுத்தது 1980 நவம்பர் 14 அன்று. நடுவில் பன்னிரண்டு வருஷம் பிணத்தை வீட்டிலேயே வைத்திருந்தோம். அழுதவர்கள் சிலர் உண்டு. தம்பிமார் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

பங்கு என்றதும் நிலம்தான் நினைவுக்கு வரும். நிலத்தில் மூத்தவனுக்கு இருந்த சலுகை நம் பக்கம் எப்போதோ தேய்ந்துவிட்டது. பிரிப்பதற்கு முன் சொத்தில் இருபதில் ஒரு பாகத்தையும் பொருள்களில் சிறந்ததையும் மூத்தவனுக்கு எடுத்து வைக்கச் சொன்னது மனுஸ்மிருதி. சில தேசங்களில் பொன்னும் கறுப்பு மாடும் மண்ணில் விளையும் கறுப்புத் தானியமும் மூத்தவனுக்கு என்று ஆபஸ்தம்பர் ஒரு வழக்கத்தைக் குறித்துவைத்தார். அவருக்கே அதில் சம்மதமில்லை. சுமார் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் மிதாக்ஷரம் எழுதிய விஞ்ஞானேசுவரர் கணக்கை முடித்துவிட்டார். சாஸ்திரத்தில் இருந்தாலும் உலகம் வெறுக்கிற காரியத்தைச் செய்யலாகாது, ஏற்றத்தாழ்வாகப் பங்கு பிரிப்பதும் அப்படித்தான் என்பது அவர் தீர்ப்பு. தென்னாட்டு வழக்குகள் அந்த உரையைத்தான் பிடித்துக்கொண்டன. மூன்று பேர் என்றால் மூன்று பாகம். வரப்பு போடலாம், தோப்பை எண்ணிப் பிரிக்கலாம், கிணற்றில்கூட மூன்றில் ஒரு பாகம் பாத்தியம் என்று எழுதி இறைவைக்கு முறை வைக்கலாம்.

கூறு போட முடியாத ஒன்று மட்டும் மிஞ்சியது. ஊர்க் கணக்கு.

இந்த ஊர்கள் அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு பெரும்பாலும் ரயத்துவாரி ஜில்லா. ராமநாதபுரம், சிவகங்கை போலப் பெரிய ஜமீன்கள் இங்கே ஊர் ஊராகப் படர்ந்திருக்கவில்லை. சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவே நின்றவர்கள் கிராம முன்சீபும் கணக்குப்பிள்ளையும்தான். முன்சீப் கிஸ்தி வசூலிப்பார், பிறப்பு இறப்பு எழுதுவார், சில்லறை வழக்கு விசாரிப்பார். கணக்குப்பிள்ளையிடம் அடங்கல், சிட்டா, ‘அ’ பதிவேடு. யார் வயலில் என்ன பயிர், எந்த மூலை புறம்போக்கு, எவன் ஆக்கிரமித்திருக்கிறான் என்பதெல்லாம் அவர் திண்ணையிலிருந்த மரப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஜமாபந்திக்கு அந்தக் கட்டைத் தாலுகா கச்சேரிக்குத் தூக்கிப் போவார்கள். பெட்டி ஒன்று, மகன்கள் நாலு பேர்.

1895-ஆம் ஆண்டு மதராஸ் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் இதைத் தீர்த்துவைத்தது. தென்னிந்திய ஜமீன்களில் வாரிசு எப்படி இறங்குமோ அப்படியே இந்த உத்தியோகமும் ஒரே வாரிசுக்கு, மூத்த வழிக்கு இறங்கும் என்றது. மூத்தவன் மைனர் என்றால் அவன் பேரை வாரிசாகப் பதிந்துவிட்டு, வேலைக்கு வேறொருவரை வைப்பார்கள். உரிய பரீட்சை தேறாவிட்டால் வரிசையில் அடுத்தவன் முறை. பெண்ணுக்குக் கிடையாது. நிலத்தில் சமமாக நின்ற அண்ணன் தம்பி, அப்பாவின் காரியம் முடிந்த பதினேழாம் நாள் சமமில்லாமல் போனார்கள். தம்பியின் பட்டாவுக்கும் அண்ணன் திண்ணையில்தான் கை கட்டி நிற்க வேண்டும். பல வீடுகளில் பேச்சு வார்த்தை அற்றுப்போனதற்கு வாய்க்கால் வரப்பைவிட இந்தத் திண்ணை பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

திண்டிவனம் அமெரிக்க ஆற்காடு மிஷன் காலத்திலிருந்தே வேதாகமம் வாசிக்கப்படும் ஊர். பசியோடு காட்டிலிருந்து வந்த ஏசா, தம்பி யாக்கோபு சமைத்திருந்த பயற்றங்கூழுக்காகச் சேஷ்டபுத்திரபாகத்தை ஆணையிட்டு விற்றுவிட்டுத் தின்று குடித்து எழுந்து போன கதை இங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். உபாகமம் மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு கொடுக்கச் சொல்கிறது. அவன் பிடிக்காத மனைவியின் மகனாக இருந்தாலும் தகப்பன் அதை மாற்றக்கூடாது. ஆனால் எபிரேயக் கதைகளில் மூத்தவனுக்கு அது நிலைப்பதே அரிது. தகப்பனின் படுக்கையைத் தீட்டுப்படுத்திய ரூபன் இழந்தான். அவன் பாகம் யோசேப்பின் மக்களுக்குப் போனது. கண் மங்கிய யாக்கோபு, பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது கையைக் குறுக்கே மாற்றி இளைய எப்பிராயீமின் தலையில் வலது கையை வைத்தான். தாவீது கடைக்குட்டி. இத்தனை பேர் பறிகொடுத்ததால்தான் சட்டம் அவ்வளவு கறாராக எழுதப்பட்டதோ என்னவோ.

நம் கதைகள் மூத்தவன் கட்சி. இளையவன்தான் அரசாளுவான் என்று நிமித்திகன் சொன்னதும், அண்ணன் செங்குட்டுவனுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று இளங்கோ துறவு பூண்டார் என்பது சிலப்பதிகாரத்தை ஒட்டி வரும் செய்தி. யாக்கோபு கூழைக் கிண்டிய இடத்தில் நம் தம்பி காவி கட்டிக்கொண்டான். திருதராஷ்டிரன் கண்ணில்லாததால் பட்டம் இழந்ததை 1895 சட்டத்தின் கண்ணால் பார்த்தால் தகுதிக் குறைவு. அடுத்த வாரிசு பாண்டு.

ஜமீன்களில் தலைச்சன் பங்குக்குக் குழி வெட்டியவர் இந்த மண்ணின் ஆள். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாண முதல்வர். அவர் அமைச்சரவைக் காலத்தில்தான் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. மூத்தவன் ஒருவனே அனுபவித்த பிரிக்க முடியாத ஜமீனுக்கு நஷ்டஈடு தரும்போது, கடனும் ஜீவனாம்சமும் போக மிச்சத்தைக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பாகம் பிரிப்பது போலப் பிரிக்க வழி செய்தார்கள். அப்பேர்ப்பட்டவர் பேரைச் சென்னையில் ஓர் எஸ்டேட்டுக்கு வைத்திருக்கிறோம்.

முன்சீபின் திண்ணை அப்போது தப்பித்துக்கொண்டது. அதைச் சாய்த்தது குண்டூர் ஜில்லாவில் ஒரு கிராம முன்சீப் வேலைக்கு வந்த போட்டி. வாரிசு என்பதற்காக முன்னுரிமை தருவது, வம்சத்தின் பேரால் பாகுபாடு கூடாதென்ற அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே 1968-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, பரம்பரைச் சட்டமே ரத்து. ஆனாலும் இருந்தவர்கள் இருந்தார்கள், கட்டும் பெட்டியும் அதே திண்ணையில் இருந்தன. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பதவிகளையே ஒழித்தது. வழக்குப் போட்டார்கள், 1982-ல் உச்ச நீதிமன்றம் ஒழிப்பு செல்லும் என்றது. அந்த இடத்துக்கு வந்தவர் தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர். இன்று அது பல ஊர்களில் ஒரு பெண்.

பறிகொடுத்தவர்களின் வருத்தத்தை நான் கேலி செய்யமாட்டேன். பரீட்சைக்குப் போக வேண்டிய வயசில், ‘உனக்குத்தான் கணக்கு இருக்கே’ என்று நிறுத்தப்பட்ட மூத்த பிள்ளைகள் உண்டு. படித்துப் பட்டணம் போன தம்பிக்கு 1980 ஒரு செய்தி. அண்ணனுக்கு அது சோறு.

ஆனால் முழு மனதோடு ஒப்பாரி வைக்கவும் வாய் வரவில்லை. அதே 1895 சட்டத்தின் பட்டியலில் தலையாரி, வெட்டி, தோட்டி உத்தியோகங்களும் இருந்தன. திண்ணையில் கணக்கெழுத ஒரு தலைச்சன் பிறந்த ஊரில், சேரியில் இன்னொரு தலைச்சன் தண்டோரா போடவும் சாவுச் செய்தி சொல்லவும் கூப்பிட்ட நேரத்தில் கூப்பிட்ட வாசலில் நிற்கவும் பிறந்தான். இருவருக்கும் மூத்த பிள்ளை உரிமையைத் தந்தது ஒரே சட்டம். இவனிடம் யாராவது ஒரு கிண்ணம் கூழை நீட்டிக் கேட்டிருந்தால், ஏசாவைப்போல் ஒரு வாய் தின்னக்கூடக் காத்திருக்காமல் கொடுத்திருப்பான்.

பெண்களின் கணக்கு தனி. தமிழ்நாடு 1989-லேயே, அதற்குமுன் கல்யாணமாகாத பெண்களைப் பிதுரார்ஜிதத்தில் பையன்களோடு சமமாக நிறுத்தியது. 2005-ல் நாடு முழுக்க அந்த வழிக்கு வந்தது. அண்ணனுக்கு மேல் பங்கு உண்டா என்ற பேச்சு, அக்காவுக்குப் பங்கு உண்டா என்று மாறி அதுவும் பழசாகிவிட்டது.

காலமானவரின் சொத்தில் மூத்தவனிடம் மிச்சமிருப்பவை சொற்பம். அப்பாவுக்குக் கொள்ளி. தங்கை வீட்டுக்கு முன்னால் நின்று எடுத்துப் போகும் சீர். பிறகு, திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர் வாசித்துக் காட்டும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘ஏ’ ஷெட்யூல். நிலம் தம்பிகளுடையதற்குச் சமம், சென்ட் பிசகாது. சில பத்திரங்களில் அதன் அடியில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: கூட்டுறவு வங்கியில் தகப்பனார் பேரில் நிற்கும் கடனை ‘ஏ’ ஷெட்யூல்தாரரே அடைத்துக்கொள்ள வேண்டியது. அவன் ஒரு தடவை தம்பிகளைப் பார்ப்பான், பிறகு முதல் கையெழுத்தைப் போடுவான்.