தறியருகே மூன்றாமவர்: காஞ்சிபுரத்தை முன்வைத்துத் தாம்பத்தியமும் நட்பும்

மண உறவு நன்றாக இருக்கிறதா என்பதைக் கணவன், மனைவி இருவரிடம் மட்டும் கேட்டே அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை உளவியல் ஆய்வுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. 1982இல் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரிடம் நடத்திய ஆய்வை எடுத்துக்கொள்வோம். காதலித்து மணந்தவர்களின் அன்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது, பெற்றோர் பார்த்து முடித்த மணங்களில் அது வளர்கிறது என்பது அதன் முடிவு. திருமண மேடைகளில் வாழ்த்துரை வழங்குவோருக்கு இதைவிட இனிய செய்தி கிடைக்காது. ஆனால் 2012இல் பமேலா ரீகன் குழுவினர் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் ஆராய்ந்தபோது இரு வகை மணங்களுக்கும் இடையே வேறுபாடு எதுவும் தென்படவில்லை. மாதிரி சிறியது, காலம் வேறு, நாடு வேறு என்று இந்த முரணுக்குக் காரணங்கள் சொல்லலாம். என் கவனம் வேறொன்றில்: மணமான பெண்ணுக்குத் தோழியர் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள் என்பது இந்த வகை ஆய்வுகளின் கணக்கில் வருவதே இல்லை.

நட்பை ஆராய்வோர் தனி வரிசையில் நிற்கிறார்கள். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளிலிருந்து, வலுவான சமூக உறவுகள் உடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று காட்டினர். எலைன் சியங் முதலியோரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நுட்பமானது. துக்கத்துக்கு ஒருவர், கோபத்துக்கு ஒருவர், மகிழ்ச்சிக்கு ஒருவர் என உணர்வுகளைப் பலரிடம் பகிர்ந்து வைத்திருப்போர், எல்லாவற்றையும் ஓரிருவரிடமே கொட்டுவோரைவிட மனநிறைவோடு இருக்கிறார்கள் என்கிறது அது. இந்த இரு வரிசைகளையும் ஒன்றாக்கிப் பார்க்கக் காஞ்சிபுரம் ஏற்ற ஊர். தாம்பத்தியத்தின் நலம் தம்பதியருக்கு வெளியே நிற்கும் மூன்றாமவரைப் பொறுத்தது என்பது என் வாதம்.

தறியிலிருந்து தொடங்குவோம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு, குறுக்கிழையாகிய ஊடையைக் கொண்டுசெல்லும் நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்றாக இரண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் ஒவ்வொரு ஊடையும் கரையோரத்தில் கோத்துத் திரும்ப வேண்டும். தறிக்குழியில் கால் வைத்து நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் தேவை. ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் குழந்தைகள் இருந்தார்கள். முன்பணத்துக்கு ஈடாக அவர்கள் தறியில் கட்டுண்டு கிடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சட்டமும் பள்ளியும் குழந்தைகளை மெல்ல விடுவித்தபோது அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவி வந்து உட்கார்ந்தார். தார் சுற்றுவது போன்ற முன்வேலைகள் ஏற்கெனவே அவர் கையில்தான் இருந்தன. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளரில் 72 விழுக்காட்டினர் பெண்கள். ஆனால் சேலைக்கான கூலி பெரும்பாலும் நெய்பவர் பேரில்தான் எழுதப்படுகிறது.

எலிசபெத் பாட் 1957இல் லண்டனின் 20 குடும்பங்களை வைத்து முன்வைத்த கருதுகோள் சமூகவியலில் புகழ்பெற்றது. உற்றார் உறவினரும் நண்பர்களும் ஒருவரை ஒருவர் நெருங்கி அறிந்திருக்கும் இடத்தில் கணவனும் மனைவியும் வேலைகளைப் பிரித்துக்கொண்டு தனித்தனி உலகில் வாழ்வார்கள். சுற்றம் தளர்ந்த இடத்தில் இருவரும் சேர்ந்தே எல்லாம் செய்வார்கள். காஞ்சிபுரத்தின் நெசவுத் தெரு இந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் சுற்றம் மிக இறுக்கம். அதே வேளையில் தம்பதியர் காலை முதல் மாலைவரை கையெட்டும் தூரத்தில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். பாட் சொன்னது பொய்த்துவிட்டது என்று நான் முடிவுகட்டவில்லை. சேர்ந்து உழைப்பதும் மனம் விட்டுப் பேசுவதும் ஒன்றல்ல என்பதைத் தறி பிரித்துக் காட்டுகிறது. ஊடைக்கு ஊடை கைகள் ஒத்துப்போகலாம். மாமியார் சொன்ன சொல்லின் வலி வேறு காதுக்குத்தான் போகும்.

அந்த வேறு காது யாருடையது? இங்கே உறவுமுறை குறுக்கே வருகிறது. டிம் டைசனும் மிக் மூரும் 1983இல் எழுதிய கட்டுரை, வடக்கில் பெண்ணை அறியாத ஊருக்குக் கொடுப்பதையும் தெற்கில் உறவுக்குள் அல்லது அருகிலேயே கொடுப்பதையும் ஒப்பிட்டு, பிறந்த வீட்டுத் தொடர்பு அறாத பெண்ணுக்குத் தன்னுரிமை கூடுதல் என்றது. அத்தை மகன், மாமன் மகன் என்று மணம் முடித்த பெண்ணுக்குச் சிறுவயதுத் தோழி அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் இன்றும் மணங்களில் கால் பங்குக்கும் மேல் உறவுக்குள் நடக்கின்றன. இதன் மறுபக்கத்தை உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் அனுக்ருதி குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் பார்க்கலாம். மாமியாருடன் ஒரே வீட்டில் வாழும் பெண்களுக்கு வெளியில் நெருங்கிய தோழியர் குறைவு. தோழியர் இருந்தவர்களோ குடும்பநல மருத்துவமனைக்குத் துணிந்து போனார்கள். அகமதாபாத்தில் எரிகா ஃபீல்ட் குழுவினர் 2016இல் வெளியிட்ட சோதனையும் இதையொட்டியது. தொழிற்பயிற்சிக்குத் தோழியோடு அழைக்கப்பட்ட பெண்கள் தனியே வந்தவர்களைவிடக் கூடுதலாகக் கடன் வாங்கித் தொழிலை வளர்த்தார்கள். தோழி என்பவள் ஆறுதலுக்கு மட்டும் அல்ல. வீட்டுக்குள் ஒரு பெண்ணின் பேரம் பேசும் வலிமையும் அவளால் கூடுகிறது.

மூன்றாமவரைத் தாம்பத்தியத்துக்குள் கொண்டுவருவது காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், திருவொற்றியூரில் தம் இரண்டாம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிய சிவனடியார் சுந்தரர் இரு கண்ணும் இழந்து, இடக்கண்ணைப் பெற்றது காஞ்சிபுரத்துக் கச்சி ஏகம்பத்தில். பிறகு ஊடியிருந்த முதல் மனைவி பரவையாரிடம் திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் தூது நடந்தவர் சுந்தரரின் தோழராகிய சிவபெருமானே. முதல் முறை பரவையார் மறுக்க, இரண்டாம் முறையும் போக வேண்டியிருந்தது. பக்தி இலக்கியத்தைச் சமூகவியல் தரவாக்கும் ஆசை எனக்கில்லை. ஆயினும் மணவாழ்வின் பிணக்கைச் சீர்செய்யும் பொறுப்பைத் தோழமையிடம் ஒப்படைக்கத் தயங்காத கற்பனை இது.

சட்டத்திலும் தோழமை இடம்பெற்றது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா முதலமைச்சரானபோது, 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்த திருத்தம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் செல்லுபடி தந்தது. புரோகிதரும் அக்கினியும் தேவையில்லை. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலை போதும். நண்பர் என்ற பெயர் சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்தில் இரகசியமாக நடப்பவை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் சொன்னதை 2023இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரறிய அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை, வழக்கறிஞரும் நண்பராக முன்னிற்கலாம் என்றது. சாதி கடந்து காதலித்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை தெரியும். அவர்களுக்கு உறவினர் முன்னிலை என்பது அச்சம். நண்பர் முன்னிலைதான் திருமணம்.

தறிகள் குறைந்து, பிள்ளைகள் ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளுக்குப் பேருந்து ஏறும் காலத்தில் என்ன மாறுகிறது? ஆலை விடுதிகளில் தங்கும் இளம்பெண்களுக்கு அறைத்தோழியர் கிடைக்கிறார்கள். திருமணம் ஆனதும் வேலையோடு அந்த வட்டமும் கலைந்துபோவதுண்டு. எலி ஃபிங்கெல் அமெரிக்கத் தம்பதியரைப் பற்றி 2014 முதல் எழுதிவரும் எச்சரிக்கை அப்போது இங்கும் பொருந்தும்: ஒரே துணையிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்தால் உறவு மூச்சுத் திணறும். ஃபிங்கெல் மாறிவரும் எதிர்பார்ப்புக்கு ஈடாக நேரமும் உழைப்பும் தரப்படாததைப் பழிக்கிறார். நான் தோழியின் இடம் காலியாவதைப் பழிப்பேன்.

என் வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தெருவெல்லாம் சொந்தம் என்றால் தோழி காதாகவும் இருப்பாள், வேவாகவும் இருப்பாள். அடுத்த தெருத் தோழி கணவனுக்கும் ஏதோவொரு முறையில் உறவு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே நெருங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணுவது போதாது. யாரிடம் சொன்னால் அது கணவன் வீட்டுக்குத் திரும்பி வராது என்று கேட்க வேண்டும். அந்த ஒருவரையும் ஆய்வில் மூன்றாவது தகவலாளராகச் சேர்க்க வேண்டும். பெண் விரும்பினால் மட்டும். கேட்கும் இடமும் முக்கியம். நெசவாளர் வீட்டில் போய்க் கேட்டால் கரை நாடாவைக் கையில் வைத்தபடிதான் அந்தப் பெண் பதில் சொல்வார், கணவர் பக்கத்தில் இருப்பார். தண்ணீர் பிடிக்கும் குழாயடியிலோ கோயில் பிராகாரத்திலோ கேட்பது நல்லது.