குண்டு விழுந்த ஊரில் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னவர்கள்

தரம் 11 வகுப்பில் இரண்டாம் உலக யுத்தம் படிப்பித்துக் கொண்டிருந்தேன். ஹிட்லர், சேர்ச்சில், விமானத் தாக்குதல் என்று பாடம் போய்க்கொண்டிருக்க, பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அவ்வளவு குண்டு போட்டா தண்ணிக் குழாயெல்லாம் உடைஞ்சிருக்குமே. சனம் எதைக் குடிச்ச? வருத்தம் பரவல்லயா?"

பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கேயும் எழுதுகிறேன். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொவென்ட்ரி இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள தொழில் நகரம். சைக்கிளும் காரும் செய்த ஆலைகள் யுத்தம் வந்ததும் விமான இயந்திரங்கள் செய்யத் தொடங்கின. 1940 நவம்பர் 14 இரவு ஏழு மணி கடந்து ஜேர்மன் விமானங்கள் வந்தன. சுமார் 500 விமானங்கள், விடியும்வரை. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 4,000க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. எரிந்து கூரையில்லாமல் நிற்கும் அந்தப் பேராலயத்தின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

படத்தில் தெரியாதது நிலத்துக்குக் கீழே நடந்தது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே வீதிக்கு அடியில்தான் ஓடுகின்றன. குண்டு இரண்டையும் சேர்த்துத்தான் உடைக்கும். நெருப்புக் காய்ச்சல் பரவுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தப் பயம் வெறும் கற்பனையல்ல. மூன்று வருடங்களுக்கு முன்னர், 1937இல், லண்டனுக்குப் பக்கத்திலுள்ள குரொய்டனில் குண்டே விழாமல் அது நடந்தது. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு கிணற்றில் திருத்த வேலை நடந்தது. வேலை செய்தவர்களில் ஒருவருடைய உடலில் அவருக்கே தெரியாமல் நெருப்புக் காய்ச்சல் கிருமி இருந்தது. அதே நாட்களில் அந்தத் தண்ணீருக்குக் குளோரின் இடுவதும் நிறுத்தப்பட்டிருந்தது. 300க்கும் மேற்பட்டோருக்கு நோய், 43 பேர் மரணம். விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் எனக்கு மிகவும் உறைத்தது: கிணற்றில் வேலை நடப்பது நகரப் பொறியியலாளர் பகுதிக்குத் தெரியும், சுகாதார அதிகாரிக்குத் தெரியாது. ஒரே நகர சபை, இரண்டு கதவுகள்.

கொவென்ட்ரியில் அப்படி விடவில்லை. ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் இடிபாடுகளுக்கு நடுவே போய், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டே திரிந்தன. வாகனங்களில் நீர் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. நெருப்புக் காய்ச்சலுக்கு எதிரான ஊசியும் மக்களுக்குப் போடப்பட்டது. கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. வராத ஒன்றை யார் படம் எடுப்பது? அதனால்தான் இந்தக் கதை புத்தகத்துக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஊரின் சுகாதார வைத்திய அதிகாரி. நாம் எம்.ஓ.எச். என்கிறோமே, அதே பெயர்தான். 1847இல் லிவர்பூல் நகரம் முதன்முதலாக இப்படி ஒருவரை நியமித்தது. 1872இல் சட்டம் போட்டு இங்கிலாந்து முழுவதும் கட்டாயமாக்கினார்கள். அவருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகர்கள், வீடு வீடாகப் போகும் தாதிகள், தொற்றுநோய் வைத்தியசாலை, தாய் சேய் கிளினிக். யுத்தம் வந்ததும் முதலுதவி நிலையம், அம்புலன்ஸ், பதுங்கிடங்களின் சுத்தம் எல்லாம் அதே மனிதர்களின் தலையில் விழுந்தன. குண்டு விழுந்த பிறகு அவசரமாக உருவாக்கிய ஏற்பாடல்ல இது. அறுபது, எழுபது வருடமாக, மலசலகூடமும் பால்கடையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த திணைக்களம்.

இதை வாசித்துவிட்டு "பார், வெள்ளைக்காரன் எவ்வளவு ஒழுங்கு" என்று யாரும் கொமென்ட் போட வேண்டாம். அடுத்த பகுதியையும் வாசியுங்கள்.

தொண்டைக்கரப்பான் என்ற நோய் இன்று நம் பிள்ளைகளின் கிளினிக் கொப்பியில் ஒரு ஊசியின் பெயராக மட்டும் இருக்கிறது. அன்று அது தொண்டையில் சாம்பல் நிறத் தோலாகப் படர்ந்து மூச்சை அடைத்தது, அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கியது. தடுப்பூசி 1920களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கனடாவின் டொரொன்டோ, ஹமில்டன் போன்ற நகரங்கள் 1930களில் நோயை ஏறத்தாழ இல்லாமலாக்கிவிட்டன. இங்கிலாந்து என்ன செய்தது? விரும்பிய நகர சபை தன் வரிப்பணத்தில் போடலாம் என்று விட்டுவிட்டது. சில சபைகள் போட்டன. பல சபைகள் செலவைப் பார்த்தன. பெற்றோரில் பலரும் சுகமாக இருக்கும் பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று தயங்கினார்கள். 1940இல் மட்டும் பிரித்தானியாவில் 61,000க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய், 3,283 மரணங்கள். பெரும்பாலும் பிள்ளைகள்.

பதுங்கிடங்களில் சனம் நெருங்கிப் படுக்கத் தொடங்கி, இனிப் பரவினால் தாங்காது என்ற பயம் வந்த பிறகுதான், 1940 முடிவில், மத்திய அரசு மருந்தை நகர சபைகளுக்கு இலவசமாகக் கொடுத்துப் பெரிய பிரசாரத்தை ஆரம்பித்தது. பாடசாலைகளிலும் கிளினிக்குகளிலும் ஊசி போட்டவர்கள் அதே நகர சபை வைத்தியர்களும் தாதிகளும்தான். 1957இல் நோயாளிகள் 38 பேர், மரணம் 6.

மருந்தும் இருந்தது, ஊசி போட ஆளும் இருந்தது. பத்துப் பதினைந்து வருடம் பிள்ளைகள் இறந்தது, காசை யார் கட்டுவது என்ற கேள்வியில். இதை வகுப்பில் சொன்னபோது அந்தப் பிள்ளை, "அப்ப குண்டு விழாட்டி இன்னும் லேட்டாகியிருக்குமா சேர்?" என்று கேட்டாள். ஆம் என்றுதான் சொன்னேன். சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் அதுதான் உண்மை.

பசியின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1940 ஜூலையில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் குறைந்த விலையில், ஏழைகளுக்கு இலவசமாக, தினம் பால் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னர் தோடம்பழச் சாறும் மீன் எண்ணெயும் வந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1941இல் பிறந்த 1,000 குழந்தைகளில் 60 பேர் ஒரு வயதுக்கு முன் இறந்தார்கள். 1944இல், யுத்தம் முடியாமலே, அது 45 ஆகக் குறைந்தது. யுத்தத்துக்கு முந்திய அளவைவிடவும் குறைவு.

1974இல் இங்கிலாந்து தன் சுகாதார சேவையை மறுசீரமைத்தபோது நகர சபைகளிலிருந்த எம்.ஓ.எச். பதவியையே எடுத்துவிட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நம் நாட்டில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்கு ஊசி போட, கொப்பியையும் தூக்கிக்கொண்டு நாம் போய் வரிசையில் நிற்கும் அந்த ஒபிஸின் பலகையில்.