நாழிகை வட்டில் மறைந்தது

போன மாதம் பீரோவைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் ஜாதகம் கிடைத்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பழுப்புத் தாள். பிறந்த நேரம் மணியிலும் நிமிடத்திலும் இல்லை. ‘உதயாதி நாழிகை 17, விநாழிகை 30’ என்றிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியன் உதித்துச் சரியாக ஏழு மணி நேரம். எழுதிய ஜோசியர் யார் வீட்டுக் கடிகாரத்தையோ பார்த்து வரச் சொல்லி, இரண்டரையால் பெருக்கி இதை எழுதியிருப்பார். ஏனென்றால் நாழிகையை அளந்த பாத்திரம் அப்பா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. அளவு மட்டும் ஜாதகத்திலும் பஞ்சாங்கத்திலும் தங்கிவிட்டது.

அந்தப் பாத்திரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாழிகை வட்டில் என்பது மெல்லிய செப்புக் கிண்ணம். அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பெரிய அண்டாவில் நீர் நிரப்பி அதன்மேல் மிதக்க விடுவார்கள். துளை வழியாக நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நிறைந்ததும் கிண்ணம் மூழ்கும். அதுவரை ஆனது ஒரு நாழிகை, நம் கணக்கில் 24 நிமிடம். எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்க விட வேண்டும். ஒரு நாளைக்கு 60 முறை. ஏழரை நாழிகை ஒரு சாமம், எட்டுச் சாமம் ஒரு நாள். சூரிய சித்தாந்தம் இந்தக் கிண்ணத்தைத்தான் சொல்கிறது.

பார்க்க எளிதாகத் தெரிகிற இந்தக் கருவிக்குள் இருக்கும் யோசனை எளிதானதல்ல. எகிப்தில் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்து நீர்க்கடிகாரம் ஒன்று 1904இல் கார்னக் கோயிலில் கிடைத்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டுப் பொருள். வாளி போன்ற கல் பாத்திரம். அடியிலுள்ள துளை வழியாக நீர் சொட்டும், உள்ளே மட்டம் இறங்க இறங்க நேரம் தெரியும். ஆனால் நீர் குறைந்தால் அழுத்தமும் குறையும், சொட்டும் வேகமும் குறையும். அதைச் சரிக்கட்டத்தான் பக்கங்களைச் சரிவாக்கி, அடியைக் குறுக்கிச் செய்தார்கள். மாதத்துக்கு மாதம் இரவின் நீளம் மாறுவதால் உள்சுவரில் 12 வரிசைக் குறிகளும் போட்டார்கள். மிதக்கும் கிண்ணத்துக்கு இந்தப் பாடு வேண்டியதில்லை. உள்ளே நீர் ஏற ஏற, கிண்ணமும் அதற்கேற்ப இறங்கிக்கொண்டே போகும். வெளிமட்டத்துக்கும் உள்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் நீர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருகிறது. முதன்முதலில் இதைக் கண்டுகொண்டவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அவர் பெயர் எங்கும் இல்லை.

தமிழில் நீரைக்கொண்டு நேரம் பார்த்ததற்குச் சங்ககாலச் சான்றே இருக்கிறது. முல்லைப்பாட்டில், பாசறையிலிருக்கும் அரசனுக்குக் கன்னல் என்னும் நீர்க்கருவியைப் பார்த்துப் பொழுது சொல்கிறார்கள். சிலப்பதிகாரத்துப் புகாரில் நாழிகைக் கணக்கர் என்று ஒரு கூட்டத்தாரே குடியிருக்கிறார்கள். கருவியைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நகரத்தில் ஓர் இடமும் வேண்டும்.

இந்த ஆட்களைப் பற்றிப் பிறகு எழுதியவர்களில் இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள். ஒருவர் பாபர். 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தவர், நாழிகைக்கு நாழிகை வெண்கலத் தட்டை அடிக்கும் காவலர்களைக் கவனித்துத் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். இரவில் விழித்துக்கொண்டவருக்கு மூன்று அடி கேட்டால், அது எந்தச் சாமத்தின் மூன்றாம் நாழிகை என்று எப்படித் தெரியும்? அதனால் நாழிகையை அடித்துச் சற்று இடைவெளி விட்டு, எத்தனையாவது சாமம் என்பதையும் அடிக்கச் சொன்னார். இன்னொருவர் ராபர்ட் நாக்ஸ். கண்டி ராச்சியத்தில் கிட்டத்தட்ட 20 ஆண்டு கைதியாக இருந்துவிட்டுத் தப்பியவர். 1681இல் வெளிவந்த அவர் புத்தகத்தில் அந்தச் செப்புக் கிண்ணம் அப்படியே வருகிறது. அரசரைத் தவிர அநேகமாக வேறு யாரும் அதை வைத்திருக்கவில்லை என்றும், அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக அரசர் ஓர் ஆளை வைத்திருந்தார் என்றும் எழுதுகிறார்.

வட்டில் என்றைக்கு இறந்தது என்று தேதி சொல்ல முடியாது. சாவி கொடுக்கும் கடிகாரம் அரண்மனைக்கும் கச்சேரிக்கும் வந்தது. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் சென்னை நேரத்தைக் கணித்துத் தந்தது. ரயில் அந்த நேரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தபோது, சென்னை தன் சூரியனைவிட ஒன்பது நிமிடம் முன்னால் ஓடத் தொடங்கியது. ஈரானில் கோனாபாத் பக்கத்துக் கிராமங்களில் இதே மாதிரிக் கிண்ணம் 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது. கனாத் என்னும் நிலத்தடி வாய்க்கால் நீரை வயல்களுக்கு முறைவைத்துப் பங்கிட அதை வைத்திருந்தார்கள். அங்கே அதற்குப் பிங்கான் என்று பெயர். நம் பீங்கான் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நம் நாக்கிலும் அது இருக்கிறது. கடம் என்றால் குடம், கடிகை என்றால் சிறு குடம். கையில் கட்டியிருப்பதைக் கடிகாரம் என்கிறபோது அந்தக் குடத்தைத்தான் சொல்கிறோம்.

ஜாதகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. பாத்திரக்கடையில் சின்னச் செப்புக் கிண்ணம் ஒன்று வாங்கி, தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துத் துளை போட்டேன். முதல் துளையில் ஒன்பது நிமிடத்தில் மூழ்கிவிட்டது. அவர் பொடி வைத்து அடைத்து, இன்னும் நுண்ணிய ஊசியால் குத்தித் தந்தார். இப்போது 23 நிமிடத்துக்குச் சற்று மேலே. ஓர் இரவு பூராவும் ஓட்டிப் பார்ப்பதென்று, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வாளிப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்தேன். நிறையும் தறுவாயில் விளிம்பு நீரோடு நீராகும்; ஒரு நொடி தயங்கும்; ‘களுக்’ என்று போகும். போனதும் தூக்கிக் கவிழ்த்து விடுவேன், நோட்டில் ஒரு கோடு போடுவேன். பதினோரு கோடு போட்டேன்.

பிறகு கண் அயர்ந்துவிட்டது. விழித்தபோது கிண்ணம் வாளியின் அடியில் கிடந்தது. எவ்வளவு நேரமாகக் கிடக்கிறது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. கண்டி அரசர் வைத்திருந்த ஆளை அப்போதுதான் நினைத்தேன். அவர் விழித்திருந்த வரைக்கும்தான் அந்த அரண்மனையில் நேரம் இருந்திருக்கிறது. ஓர் இரவு அவரும் இப்படி அயர்ந்திருந்தால் என்ன செய்திருப்பார்? விடியும்வரை காத்திருந்திருப்பார். உதயாதி என்று ஜாதகத்தில் எழுதுவது அதனால்தான். ஒவ்வொரு நாளும் கணக்கு சூரியனிடமிருந்து புதிதாகத் தொடங்குகிறது.

அடுத்த அறைக்குப் போய் மணி பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுத் தென்னைக்கு மேலே வெளிச்சம் வந்ததும் மறுபடி மிதக்க விட்டேன்.