குரலுக்கு நிறம் உண்டோ?

செல்வம் சேருமிடத்திலே சுவர் எழும். சுவர் எழுந்தபின், உள்ளே இருப்போர் உயர்ந்தோர், வெளியே நிற்போர் தாழ்ந்தோர் என்ற பேச்சும் எழும். கலைக்கூடமும் இதற்கு விலக்கல்ல என்பதை, அமெரிக்க நாட்டு இசை நாடக அரங்கு ஒன்றின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

'ஆப்பரா' என்பர் மேனாட்டார். கதையைப் பாட்டாலேயே நடத்திச் செல்லும் நாடகம். நியூயார்க் நகரத்துப் பழங்குடிச் சீமான்கள், 'அகாடமி ஆஃப் மியூசிக்' என்னும் அரங்கைத் தம் பிடியில் வைத்திருந்தனர். அங்கே 'பாக்ஸ்' எனப்படும் தனியிருக்கை அறைகள் 18 மட்டுமே. இரயில் பாதையிலும் வங்கித் தொழிலிலும் பொருள் குவித்த புதுச் செல்வர்கள் இடம் கேட்டனர், கிடைத்தது மறுப்பு! வெகுண்டனர், 1883-இல் எழுப்பினர் தமக்கென மெட்ரோபாலிட்டன் அரங்கை. இசை மீது கொண்ட காதலா அதை எழுப்பிற்று? இருக்கை மீது கொண்ட ஆசை! பாக்ஸ் வரிசையிலே சீமாட்டியரின் நகைகள் சிந்திய ஒளி கண்டு, 'வைர லாடம்' என்றே அதற்குப் பெயரிட்டது ஊர்.

சீமான்கள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, சுவரைத் துளைக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தது விஞ்ஞானம். 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியிலே, கிளெமான் அதேர் என்பார், ஆப்பரா மேடையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பாட்டைக் கொணர்ந்தார். 1910 ஜனவரியில் லீ டி ஃபாரஸ்ட், மெட்ரோபாலிட்டன் மேடையிலிருந்து, கரூசோவின் குரலைக் கம்பியின்றியே வானில் ஏற்றினார். இரைச்சல் மிகுதி; கேட்டவர் சிலர். ஆயினும் வழி பிறந்துவிட்டது! 1923 ஜனவரி 8-இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கிலிருந்து, மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' பி.பி.சி. வழியே வீடுகளுக்குள் நுழைந்தது.

மெட்ரோபாலிட்டனோ நெடுநாள் இணங்கவில்லை. வானொலி கலையைச் சிதைத்துவிடும் என்பது அதன் தலைவர் காட்டி-கசாஸாவின் அச்சம். 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. சீமான்களின் கை சுருங்கிற்று. அரங்கின் கருவூலம் வறண்டது. 1931 டிசம்பர் 25-இல், 'ஹேன்சலும் கிரெட்டலும்' என்னும் நாடகம் என்.பி.சி. வானொலியிலே ஒலித்தது. அதன் பின், சனிக்கிழமைப் பிற்பகல் என்றால் ஆப்பரா என்னும் வழக்கம் நாடெங்கும் வேரூன்றிற்று. வைர லாடத்தை வாழ்நாளில் கண்டறியாத உழவனும் ஆலைத் தொழிலாளியும், சீமாட்டி கேட்ட அதே பாட்டை, அதே நொடியில் கேட்டனர். 1940-இல், பாக்ஸ் உரிமையாளர்களிடமிருந்து அரங்கை வாங்கிக் காக்கப் பத்து இலட்சம் டாலர் தேவைப்பட்டபோது, வானொலி நேயர்கள் சிறுகச் சிறுக அனுப்பிய பணம் அதிலே பெரும் பங்கு வகித்தது. சீமான் கட்டிய கூடத்தைச் சாமானியன் காத்தான்!

பார்த்தீர்களா, விஞ்ஞானம் சமத்துவத்தைத் தந்துவிட்டது என்று கூறி மகிழ்வோர் உண்டு. நாம் அவர்களைக் கேட்கிறோம்: காதுக்குக் கதவு திறந்தது, குரலுக்குத் திறந்ததா?

மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகியார், ஐரோப்பிய நாடுகள் போற்றிய குரலுக்கு உரியவர். 1939-இல் வாஷிங்டனிலே, 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்னும் சங்கம் தன் மண்டபத்தை அவருக்குத் தர மறுத்தது. விடுதலைப் புரட்சியின் பெயரைத் தாங்கிய சங்கம்! ஏப்ரல் 9-இல் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார் அவர். எதிரே 75,000 மக்கள். வானொலி வழியே மேலும் பல இலட்சம் பேர்.

மெட்ரோபாலிட்டன் மேடை அவருக்குத் திறந்தது எப்போது? 1955 ஜனவரி 7-இல்! அப்போது அவருக்கு வயது 57. அந்த மேடையில் தனிப்பாத்திரம் ஏற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. அதே ஆண்டு டிசம்பர் 10, சனிக்கிழமையன்று, அவர் பாடிய நாடகம் வானொலியிலும் ஒலித்தது. ஒலிபரப்புத் தொடங்கி அதற்குள் 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை ஆண்டுகளும் கறுப்பினக் குடும்பம் அந்தப் பாட்டைக் கேட்கலாம். அந்தக் குடும்பத்துப் பெண் அங்கே பாடலாகாது! கேட்கும் உரிமை வந்தது கருவியால். பாடும் உரிமை வந்தது போராட்டத்தால்.

1955-இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. லியான்டின் பிரைஸ் என்னும் இளம் கறுப்பினப் பாடகியார் என்.பி.சி. தொலைக்காட்சியிலே 'டோஸ்கா' நாடகத்தில் நடித்தார். தென் மாநில நிலையங்கள் சில, அதை ஒளிபரப்ப மறுத்தன. வானொலியில் குரலாக மட்டும் வந்திருந்தால்? இசை பிழையன்று, முகம் தெரிந்தது பிழையாம்! அதே பிரைஸ் 1961 ஜனவரி 27-இல் மெட்ரோபாலிட்டனில் பாடி முடித்ததும், அரங்கு 40 நிமிடத்துக்கு மேல் கைதட்டிற்று.

விஞ்ஞானம் கருவியைத் தரும். அதைக் கைக்கொண்டு, யாரை அழைப்பது, யாரைத் தடுப்பது என்று முடிவு செய்வது மனித மனம். அந்த மனத்திலே அழுக்கு இருக்குமாயின், புதுக் கருவியும் பழைய கொடுமைக்கே பணி செய்யும். எனவே, இளைஞர்களே! புதுக் கருவி ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, அதன் வழியே எவரெல்லாம் கேட்கிறார்கள் என்று எண்ணி மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். எவருடைய குரல் இன்னும் அதில் ஒலிக்கவில்லை என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கேளுங்கள்!